பின்சீட்டுப் புகார்

என் பெயர் தாணுமாலயன். வயது அறுபது முடிந்து நாலு மாதம். காவல் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்து ஸ்பெஷல் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்ததை நடந்தபடி எழுதுவது எனக்குத் தொழில். கூட்டி எழுத மாட்டேன். எனக்கு எதிராக இருந்தாலும் குறைத்து எழுத மாட்டேன். இந்த விவகாரத்தில் பெரும்பாலும் எனக்கு எதிராகத்தான் இருக்கிறது.

சர்வீஸில் இருந்தவரை என் வீட்டுக்காரி முத்துவடிவை நான் உருப்படியாக ஓர் ஊருக்கும் கூட்டிப் போனதில்லை. அவள் அதிகம் கேட்கிறவளும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒன்றே ஒன்று கேட்டாள். தனுஷ்கோடி பார்க்க வேண்டும், அங்கே ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல் இருக்குமாமே என்றாள். அந்த வருடம் கும்பாபிஷேக பந்தோபஸ்து. அடுத்த வருடம் தேர்தல். அதற்கடுத்து ஒரு சாதிச் சண்டை. குற்றாலத்தில் சாரல் சீசன் என்று ஒன்று வருடா வருடம் வரும், அதற்கும் போலீஸ் வேண்டும். இப்படியே முப்பத்தொரு வருடம் போனது. பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். முத்துவடிவு இன்னும் தனுஷ்கோடி பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். முந்நூற்று ஐம்பது சி.சி. கம்பெனி பெயர் வேண்டாம், அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. தென்காசியிலிருந்து தனுஷ்கோடிக்கு இருநூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேல். காரில் போகலாமே என்று மகன் போனில் சொன்னான். காரில் நான் நிறையப் பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன், யாரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. முத்துவடிவை என் வண்டியில் என் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. வயசான காலத்தில் என்ன ஆசை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முன்னோட்டமாகப் புளியங்குடிக்குக் கிளம்பினோம். ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்குவது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். கடையநல்லூர் தாண்டுவதற்குள் முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

“நிப்பாட்டுங்க.”

நிறுத்தினேன். இறங்கினாள். சேலையைச் சரிசெய்தாள். எதிர்த்தாற்போல் தென்காசி பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, ஏறிப் போய்விட்டாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் மட்டும் மூன்று தடவை எட்டிப் பார்த்தான். ஒரு பஸ்ஸைப் பின்தொடர்ந்து வரும்போது என் மனசு இவ்வளவு அடித்துக்கொண்டது சர்வீஸிலேயே கிடையாது.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“என்னட்டி, இப்படிப் பண்ணிட்ட?”

“உக்கார முடியல. வலிக்கி.”

“எங்கன வலிக்கி?”

“எல்லா இடத்துலயும்.”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அரிசியைக் களைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னாள். எதிர்வீட்டு உமாராணி மதினி ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் பஸ் டூர் ஏற்பாடு செய்கிறார்களாம். தெருப் பெண்களாக முப்பது பேர். தனுஷ்கோடியும் உண்டாம்.

“எனக்கு ஜன்னலோரம் சீட்டு போட்டு வச்சிருக்காவ. பேரு குடுக்கியான்னு கேக்குதாவ.”

“ஆடி அமாவாசைக்கு முன்னால நான் கூட்டிட்டுப் போறேன்.”

“சீட்டைச் சரி பண்ணுங்க. வாரேன். இல்லன்னா மதினிகூட போய்க்கிடுதேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முப்பத்தொரு வருடம் நான் வராததற்குப் பழகின ஆள் அவள். இந்தத் தடவையும் நான் இல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள் என்றால், அப்புறம் அந்த வண்டி எதற்கு, நான்தான் எதற்கு என்று தோன்றியது. அமாவாசைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

விசாரணையை ஆரம்பித்தேன். யூடியூபில் மோட்டார் சைக்கிள் சீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். எல்லோரும் தாடி வைத்திருந்தார்கள். எல்லோரும் லடாக் போய் வந்திருந்தார்கள். ஒருவன் ஜெல் சீட்டு என்றான். ஒருவன் காற்றடித்த மெத்தை என்றான். ஒருவன் மெமரி ஃபோம்தான், மற்றதெல்லாம் ஏமாற்று என்றான். மூன்று நாள் பார்த்தேன். ஒருத்தன் பின்னாலும் ஆள் இல்லை, பெட்டிதான் கட்டியிருந்தது. அப்போது அதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. குறிப்பில் எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் மேலகரம் தாண்டி, குற்றாலம் ரோட்டில் இருக்கும் ஞானதுரை கடைக்குப் போனேன். சீட்டு தைக்கிற கடை. ஆட்டோ, டெம்போ, லாரி எல்லாவற்றுக்கும் தைப்பான். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு தூர தேசம் போகிற லாரி டிரைவர்கள் இவனிடம் வந்துதான் சீட்டு மாற்றுவார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒருகாலத்தில் ஹெல்மெட் போடாமல் என்னிடம் மாட்டியவன். நான் எஸ்.எஸ்.ஐ. ஆகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அவனுக்கு நான் இன்னும் ஏட்டையாதான்.

அவன் அளவு எடுக்கிற முறை வேறு. டேப் கிடையாது. கடைக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெட்டி, அதில் ஈர மணல். வண்டியில் உட்காருவது போலப் பெட்டியின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு மணலில் உட்கார வேண்டும். பத்து நிமிடம் அசையக் கூடாது. எழுந்ததும் பள்ளம் எங்கே ஆழம், எங்கே மேடு என்று குனிந்து பார்ப்பான். அதைப் பார்த்து ஃபோமை அறுப்பான். பெட்டிக்கு மேலே ஒரு போர்டு தொங்கியது. “அருவியில் குளித்துவிட்டு வருபவர்களுக்கு அளவு எடுக்கப்படாது.”

நான் அன்றைக்கு அருவியில் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். சீசன் நேரத்தில் தென்காசிக்காரன் காலையில் வேறு எங்கே குளிப்பான்.

“ஏட்டையா, குளிச்சிட்டு வந்திருக்கிய போல” என்றான் ஞானதுரை. தலையிலிருந்து எண்ணெய் வாசனை வந்திருக்கும்.

“ஆமா. அதுக்கென்ன?”

“போர்டு இருக்கு.”

“போர்டு பொதுமக்களுக்கு. நீ எடு லே.”

அவன் மணலைச் சமமாக்கிவிட்டுத் தள்ளி நின்றான். முப்பத்தாறு வருடமாகப் போர்டுகளை நான் மற்றவர்களுக்குத்தான் காட்டிப் பழக்கம்.

மெயின் அருவி ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முதலில் எண்ணெய் தேய்க்கிறவர் கல்லில் உட்கார வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி பிசைவார். அப்புறம் தண்ணீர் தோளிலும் முதுகிலும் விழுந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இருபது நிமிடம் கழித்து வெளியே வருகிறவனுக்குப் பசியைத் தவிர உடம்பில் வேறெதுவும் இருப்பது தெரியாது. அந்த நேரத்தில் அவனைக் கடப்பாரை மேல் உட்கார வைத்தாலும் சுகமாக இருக்கிறது என்பான். ஞானதுரை மூன்று மாதிரி சீட்டைப் போட்டுக் காட்டினான். மூன்றும் சுகமாக இருந்தன. மணல் பெட்டியும் சுகமாக இருந்தது. ஓரத்தில் கிடந்த டிராக்டர் சீட்டின் தகரத்தில் சும்மா உட்கார்ந்தேன், அதுவும் சுகமாகத்தான் இருந்தது. ஜெல் வைத்ததை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தனியாகப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனேன். போகிற வழியிலேயே ஜெல் தன் சுயரூபத்தைக் காட்டியது. நடுவில் ஒரு மேடு, யாரோ விரலை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பது போல. சந்தை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூட்டை இறக்குகிறவர்கள் என்னை ரெய்டுக்கு வந்ததாக நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

ஞானதுரையிடம் திரும்பிப் போனேன்.

“போர்டைப் படிச்சியளா?” என்று கேட்டான்.

“படிச்சேன்.”

“மூணு நாள் அருவிப் பக்கம் போவாதிய. வீட்டுக் குழாய்ல குளிங்க. உடம்பு அதோட நிசத்தைச் சொல்லும். அப்புறம் வாங்க.”

மூன்று நாள் குழாயில் குளித்தேன். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, ஊரெல்லாம் சாரல் அடிக்கிறது, ஆயிரம் மைல் தாண்டி வந்தவன் எல்லாம் குளிக்கிறான், நான் வீட்டில் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். முத்துவடிவு பார்த்தாள். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலாவது நாள் மணலில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை உடம்பு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. ஞானதுரை பள்ளத்தைக் குனிந்து பார்த்து, “இடது பக்கம் சாஞ்சு உக்காருதிய. பர்ஸை வலது பாக்கெட்ல வச்சு வச்சு இப்படி ஆயிருக்கு” என்றான். உண்மைதான். முன்சீட்டுக்கு அளவு முடிந்தது.

“பின்னால உக்காருதவுகளையும் கூட்டிட்டு வாங்க ஏட்டையா.”

“அவ எதுக்கு? நானே உக்காருதேன். அவ அளவு எனக்குத் தெரியாதா லே. முப்பத்தொரு வருசம் ஆச்சு.”

மறுபடியும் இரண்டு பக்கமும் காலைப் போட்டு மணலில் உட்கார்ந்தேன். அவள் என்னைவிட ஒல்லி, அதனால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஞானதுரை பள்ளத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டான். போலீஸ்காரனாக இருப்பதில் இது ஒரு கஷ்டம். நம்மிடம் கேட்க வேண்டியதை ஆட்கள் கேட்க மாட்டார்கள்.

சீட்டு வந்தது. கறுப்பு ரெக்ஸின், இரட்டைத் தையல். முன்னால் ஒரு பள்ளம், பின்னால் ஒரு பள்ளம். பின்பள்ளத்தில் நானே உட்கார்ந்து பார்த்தேன். தொட்டில் போல இருந்தது. வீட்டுக்குக் கொண்டு போய், “இப்ப ஏறு” என்றேன்.

முத்துவடிவு சீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். ஏறினாள். தெருமுனை தாண்டினோம். முதல் வேகத்தடையில் பின்னால் ஏதோ வழுக்குகிற சத்தம். சட்டையைப் பிடித்து இழுத்தாள், காலர் பட்டன் தெறித்தது. வண்டியை நிறுத்தித் திரும்பினேன். அவள் விழவில்லை. பாதி ரோட்டில், பாதி வண்டியில் நின்றுகொண்டிருந்தாள்.

“குழிக்குள்ள ஒரு பக்கமா எப்படி உக்கார? கரை மேல உக்காந்தா வழுக்குது. குழிக்குள்ள உக்காந்தா தொடையில குத்துது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சேலை கட்டுகிறவள். ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். இரண்டு காலும் இடது பக்கம். ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள், தினமும் பார்க்கிறேன். வண்டியில் சேலை மாட்டாமல் இருக்கக் கம்பி வலை வைத்திருக்கிறதா என்று எத்தனையோ பேரை நிறுத்திச் சோதித்திருக்கிறேன். என் வீட்டுக்காரிக்குச் சீட்டு செய்யும்போது அது என் மண்டையில் ஏறவே இல்லை.

“இது நீங்க உக்காருததுக்குச் செஞ்ச சீட்டு” என்றாள். நடந்தே வீட்டுக்குப் போனாள். போகிற வழியில் உமாராணி மதினி வீட்டு வாசலில் நின்றாள். பேர் கொடுத்துவிட்டாள் என்று இங்கிருந்தே தெரிந்தது.

எனக்குக் கோபம் ஞானதுரை மேல் வந்தது. யார் மேலாவது வர வேண்டுமே. நேரே கடைக்குப் போனேன்.

“ஏலே, அவ ஒரு பக்கமா உக்காருவா. நீ ஏன் கேக்கல?”

“நீங்க கேக்கவிடல ஏட்டையா.” அவன் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. “சரி, இப்ப கேக்குதேன். அக்கா எந்தக் கையால பிடிப்பாக?”

“என்னது?”

“வலது கையை உங்க தோள்ல வைப்பாகளா, இல்ல இடுப்பைச் சுத்திப் பிடிப்பாகளா? இல்ல பின்னால இருக்க கம்பியையா? ஒரு கால் மட்டும் மிதியில இருக்குமா, ரெண்டுமா? மடியில பை வச்சுக்கிடுவாகளா? அதைப் பொறுத்துத்தான் பாரம் எங்கன இறங்கும்னு தெரியும். அறுக்கணும்லா.”

யோசித்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் ஓடின திருடனின் சட்டை நிறத்தைக் கேளுங்கள், சொல்வேன். எத்தனை பட்டன் போட்டிருந்தான் என்றும் சொல்வேன். இது வரவில்லை. தோளில் ஒரு கை இருந்த ஞாபகம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எல்லாமே என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

“தெரியலை” என்றேன். அந்த வார்த்தையை நான் ஒரு பொதுஜனத்திடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஞானதுரை கத்தியைக் கீழே வைத்தான். “சரி, நீங்களே ஒரு பக்கமா உக்காந்து பாருங்க. நான் ஓட்டுதேன். குற்றாலம் வரைக்கும் போயிட்டு வருவோம். எங்கன வலிக்குன்னு வந்து சொல்லுங்க.”

“எந்தச் சீட்டுல?”

“வண்டியோட வந்த பழைய சீட்டு இருக்குல்லா. அதுல.”

நான் வேட்டி கட்டியிருந்தேன். மடித்துக் கட்டக் கூடாது, சேலை மாதிரி கீழே விட்டுத்தான் உட்கார வேண்டும் என்று ஞானதுரை சட்டம் போட்டான். எண்பத்து நாலு கிலோ எடையும் மீசையும் உள்ள ஒரு ஓய்வு பெற்ற காவல் அதிகாரி, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, சீட்டு தைப்பவனின் பின்னால் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைச் சீசன் கூட்டத்துக்குள் குற்றாலம் போனேன். இதற்குச் சாட்சிகள் ஏராளம்.

நான் தெரிந்துகொண்டவை பின்வருமாறு. முதலாவது, முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. வேகத்தடை வருகிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும், அவன் உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அது அடியிலிருந்து அறையும்போதுதான் தெரியும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இத்தனை வேகத்தடை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதில் சிலதைப் போடச் சொல்லி மனு அனுப்பியவனே நான்தான். அடுத்தது, மிதியில் ஒரு கால்தான் சரியாக நிற்கும். இன்னொன்று அந்தரத்தில் தொங்கி, கொஞ்ச நேரத்தில் அது யாருடைய கால் என்றே தெரியாமல் போகும். உடம்பு ஒரு பக்கம் பார்க்கும், வண்டி ஒரு பக்கம் போகும், இடுப்பு நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டுக்கும் சமாதானம் செய்யும். இடது பக்கமாக முந்துகிற ஆட்டோவின் கண்ணாடி முழங்காலுக்கு நாலு விரல் தள்ளிப் போகும். பிடித்துக்கொள்ள ஓட்டுகிறவன் தோளைத் தவிர நம்பிக்கையான இடம் கிடையாது. ஞானதுரையின் தோளை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை.

ஐந்தருவி பிரியும் இடத்தில் தடுப்பு போட்டு நின்றான் குற்றாலிங்கம். நான் பயிற்சி கொடுத்த கான்ஸ்டபிள். என்னைப் பார்த்ததும் சல்யூட் அடிக்கக் கை தூக்கினான். பாதியில் கை நின்றது. நான் தலையை ஆட்டினேன். வலது கையை ஞானதுரை தோளிலிருந்து எடுத்தால் விழுந்துவிடுவேன், அதனால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவன் சல்யூட்டை முடித்தான். நல்ல பையன்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கம்தான் தெரிகிறது. போகும்போது மலையும் மேகமும் ரோட்டுக்கு வலப்பக்கம், என் முதுகுக்குப் பின்னால் கிடந்தன. நான் பார்த்ததெல்லாம் சிப்ஸ் கடையும் லாட்ஜும்தான். இவளை இப்படி உட்கார வைத்துத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போனால், ரெண்டு பக்கக் கடலில் ஒன்றைத்தான் அவள் பார்ப்பாள் என்று நினைத்தேன். அதை நினைத்ததும் பிடித்திருந்த தோளை இன்னும் இறுக்கிவிட்டேன். “ஏட்டையா, வலிக்கா?” என்று ஞானதுரை கேட்டான். ஆமாம் என்றேன்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்தேன். முத்துவடிவு தைல பாட்டிலோடு வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். முழுசாகச் சொன்னேன், ஞானதுரையின் தோள் உட்பட. அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சரியாக வலிக்கிற இடத்தில் தேய்த்தாள். நான் சொல்லாமலே.

“இந்த இடம்னு எப்படித் தெரியும்?”

“எனக்கும் இங்கனதான் வலிக்கும்.”

“முந்தியே வலிக்குமா?”

“முத நாள்லேர்ந்து. உங்க பழைய வண்டி இதுக்கு மேல. ஒரு தடவை ஆய்க்குடிக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாள் குனிய முடியல.”

“ஏன்ட்டி சொல்லல?”

பாட்டிலை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள்.

“எப்பவாச்சும் அரை மணி நேரம் கூட்டிட்டுப் போவிய. கோயிலுக்கு, இல்லன்னா எங்க அம்மா வீட்டுக்கு. அப்புறம் டியூட்டின்னு போனா மூணு நாள் முகம் பாக்க முடியாது. வலிக்கின்னு சொன்னா என்ன செய்வியன்னு எனக்குத் தெரியாதா? சரி, நீ பஸ்ஸுல வந்திருன்னு இறக்கி விட்டுட்டுப் போயிருவிய. அந்த அரை மணி நேரமும் போயிரும்லா.”

“இப்ப மட்டும் எதுக்குச் சொன்ன?”

“இப்பதான் நீங்க போறதுக்கு வேற இடமில்லையே. சொன்னா இருந்து கேப்பியன்னு நினைச்சேன்.”

குப்புறப் படுத்திருந்தது வசதியாக இருந்தது. அழுதேன். எழுத வேண்டியது கடமை என்பதால் எழுதுகிறேன். சத்தம் வரவில்லை. ஆனால் முதுகு குலுங்கியிருக்கும், அவள் கை அங்கேதான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

“தனுஷ்கோடிக்கு வருவியா?” என்று தலையணைக்குள் கேட்டேன்.

“பேரு குடுத்தாச்சே.”

“எடுத்திரு.”

“முதல்ல அந்தச் சீட்டு செய்யுத ஆளைப் பாக்குதேன்” என்றாள்.

மறுநாள் காலையில் வண்டியை விட்டுவிட்டு ஆட்டோவில் போனோம். ஆட்டோவில் போகும்போதே போனை எடுத்தாள். “மதினி, என் பேரை எடுத்திருங்க. ஆமா, ஜன்னல் சீட்டுதான், வேற யாருக்காச்சும் குடுத்திருங்க. இல்ல, இவுக எனக்குன்னு சீட்டு செய்யுதாவ.” அந்தப் பக்கம் உமாராணி ஏதோ கேட்டிருக்கிறாள். “சரியா வரலன்னா வலிக்கின்னு சொல்லிக்கிட்டே போவேன். நிப்பாட்டி நிப்பாட்டிப் போகட்டும். என்ன அவசரம் இவுகளுக்கு?”

கடையில் ஞானதுரை மணலைக் கிளறி, தண்ணீர் தெளித்து, தட்டிச் சமமாக்கி வைத்திருந்தான். முத்துவடிவு போர்டைப் படித்தாள். “நான் வீட்டுலதான் குளிச்சேன்” என்றாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக மணலில் உட்கார்ந்தாள். முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஞானதுரை சொன்னான். நான் போய் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். வலது கை என் தோளுக்கு வந்தது. நாலு விரலும் சட்டையின் மேலே, கட்டைவிரல் மட்டும் காலருக்குள்ளே. அந்த இடத்தில் என் சட்டைகள் எல்லாம் முதலில் கிழியும். துணி மட்டம் என்று கடைக்காரனைத் திட்டியிருக்கிறேன்.

பத்து நிமிடம் ஆனது. ஞானதுரை பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான்.

“அக்கா, எங்கன எங்கன வலிக்கும், எப்பமெல்லாம் வலிக்கும்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. அவசரமே இல்ல.”

முத்துவடிவு தோளிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். நான் திரும்பி அவள் பக்கமாக உட்கார்ந்தேன்.

“தொண்ணூத்தி நாலு, ஆவணி மாசம், நமக்குக் கல்யாணமான புதுசு” என்று ஆரம்பித்தாள்.